கண்ணாடி மூடி போட்ட கொம்பியூட்டர்

போன சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் நடந்துகொண்டிருந்தேன். டொக்டர் எழுதித் தந்த நடை, ஆசைப்பட்டுப் போன நடையில்லை. ஒரு கோப்பிக்கடை வாசலில் சின்னக் கூட்டம். எட்டிப் பார்த்தால், ஒரு பெடியன் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கொம்பியூட்டரை மடியில் வைத்து இசை வாசித்துக்கொண்டிருந்தான். வயர்கள் வெளியே தொங்கின, சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் எரிந்து அணைந்தன. கூட்டத்தில் சீருடையோடு ஒரு பொலிஸ்காரரும் நின்றார். அவர் போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என் கை மட்டும் தன்பாட்டில் ஹான்ட்பாக்கைத் திறந்து அடையாள அட்டையைத் தேடியது.

கிடைத்த பிறகும் நான் அட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன். அந்தப் பெட்டியிலிருந்து சூடான பிளாஸ்ரிக் மணம் லேசாக வந்தது, அல்லது வந்ததாக எனக்குப் பட்டது. அந்த மணம் வந்தால் எனக்கு டொமினிக்கின் ஞாபகமும் சேர்ந்து வரும்.

சண்டைக் காலத்தில் நான் வெள்ளவத்தையில் ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து ஓர் அன்ரி வீட்டில் அறை எடுத்திருந்தேன். வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குகிற தமிழருக்குப் பொலிஸ் தருகிற பதிவுத் துண்டை நனையாமல் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு எங்கே போனாலும் கொண்டு திரிவேன். குளியலறைக்குக் கொண்டு போகவில்லை, அவ்வளவுதான். வேலையிலும் அப்படித்தான். ஒரு பெட்டியைக் கழற்றினால் திருகாணிகளை எண்ணித் தேநீர்ச் சாசரில் போடுவேன், பூட்டி முடித்ததும் சாசரைக் கவிழ்த்துப் பார்ப்பேன். ஒன்று மிஞ்சினால் முழுவதையும் திரும்பக் கழற்றுவேன். கடை முதலாளிக்கு இது பெரிய பகிடி.

டொமினிக் முதன்முதலில் வந்தது ஒரு பழுதான கீபோர்ட்டோடு. கொட்டாஞ்சேனைக்காரர். ஞாயிறு காலையில் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார், மற்ற நாட்களில் கலியாண வீடுகளில் வாசிப்பார். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எனக்கோ சந்தையில் மரக்கறி வாங்குகிற சிங்களம்தான் வரும். கீபோர்ட்டைத் திருத்திக் கொடுத்தபோது அவர் கேட்டார்.

"மிஸ், கொம்பியூட்டரைத் தூக்கிட்டுப் போய் மேடையில வாசிக்க ஏலுமா?"

"மேசையோட தூக்கினா ஏலும்."

"பகிடி இல்ல. கையில கொண்டு போற மாதிரி ஒண்டு செய்து தருவீங்களா?"

அந்த நாளில் மடிக்கணினி என்பது வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கையில் பார்க்கிற சாமான். ஆனால் அவர் தன் பையைத் திறந்து கசற்றுகளைக் காட்டியதும் எனக்கு மறுக்க மனம் வரவில்லை. அவற்றில் பாட்டுகள் இல்லை. முகத்துவாரத்தில் சைக்கிளில் மீன் விற்பவரின் ஹோர்ன், தெமட்டகொடை யார்ட்டில் ரயில் பெட்டிகள் மோதிக் கொளுவும் சத்தம், கோயில் மணி, துறைமுகத்தில் கப்பல் ஊதுவது, சங்கிலி இழுபடுவது. சின்ன ரெக்கோர்டரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் ஒன்றொன்றாகப் பிடித்திருக்கிறார். ஆமி காவல் நிற்கிற துறைமுகப் பக்கம் ரெக்கோர்டரோடு திரிந்தவர் என்று கேட்டதும் நான் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்தார். இந்தச் சத்தங்களைத் துண்டு துண்டாக வெட்டி, கொம்பியூட்டர் விசைகளில் வைத்து, ஆட்கள் முன்னால் நின்று அந்த இடத்திலேயே பாட்டாகச் சேர்க்கவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. கலியாண வீட்டில் வருசம் முழுக்க ஒரே பத்துப் பாட்டை வாசித்து அவர் களைத்துப் போயிருந்தார்.

பிறகு ஞாயிறு தோறும் பூசை முடிந்து நேரே எங்கள் கடைக்கு வருவார். முதலாளி திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போவார். ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர் கழித்துவிட்ட கொம்பியூட்டரின் உள்பலகை, கடைக் கல்லாவிலிருந்து கழற்றிய சின்னக் கறுப்பு வெள்ளைத் திரை, ஒரு பழைய யூபிஎஸ்ஸின் பற்றரி. பற்றரி ஏனென்றால், அப்போது கரண்ட் நினைத்த நேரம் போகும். பாட்டு நடுவில் கரண்ட் போனால் மானம் போய்விடும் என்பார் டொமினிக். எல்லாம் சேர்ந்து ஒரு சூட்கேஸின் பாதி அளவுக்கு வந்தது. பாரம் மட்டும் குறையவில்லை.

பெட்டிக்கு எதால் மூடி போடுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. அவர் கறுப்புத் தகரம் அழகு என்றார். நான் கண்ணாடி மாதிரியான பெர்ஸ்பெக்ஸ்தான் வேண்டுமென்று நின்றேன்.

"மறைக்க ஒண்டுமில்லையெண்டு ஆமிக்காரனுக்குத் தெரியவேணும். தகரத்தால மூடினா உள்ளுக்கு என்ன இருக்கெண்டுதான் முதல் யோசிப்பான்."

"மிஸ், மேடைக்கா செக்பொயின்ற்றுக்கா நாங்க இதைச் செய்றோம்?"

"ரெண்டுக்கும்."

அதில் நான்தான் வென்றேன். இன்னொரு யோசனையும் என்னுடையதே. ஒரு விசையில் மட்டும் துறைமுகமும் ரயிலும் வேண்டாம், கலியாண வீடுகளில் எல்லாரும் எழும்பி ஆடுகிற பைலாத் தாளம் ஒன்று இருக்கட்டும் என்றேன். யாராவது மறித்தால் அதை அமத்தினால் போதும், பைலாவைக் கேட்டுக்கொண்டு முகத்தை உர்ரென்று வைத்திருக்க இந்த நாட்டில் ஒருவராலும் முடியாது. விசை தெரியச் சிவப்பு நெயில் பொலிஷ் பூசிவிட்டேன். உடனே சத்தம் வரவேண்டுமென்பதால், வழியில் பெட்டியை அணைக்காமலே கொண்டு போவது என்று முடிவு. பதினாலு திருகாணிகள். சாசர் வெறுமையாக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் கோயில் மண்டபத்தில் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு ஓர் இசை நிகழ்ச்சி. டொமினிக்குக்குக் கால் மணித்தியாலம் கிடைத்தது. ஹோட்டல்களுக்கு இசைக்காரரைப் பிடித்துக் கொடுக்கிற ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் கலியாண வீடுகளை விட்டுவிடலாம், சொந்த இசையை வாசித்தே பிழைக்கலாம். டொமினிக் அன்றைக்கு மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். நானும் கூடப் போனேன். பெட்டி பழுதானால் பார்க்க ஆள் வேண்டுமே. இன்னொரு காரணமும் உண்டு, அதை அப்போது நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. தனிய வருகிற தமிழ்ப் பெடியனை விட, பொம்பிளைப்பிள்ளையோடு வருகிறவனைக் குறைவாகத்தான் மறிப்பார்கள்.

பஸ்ஸில் பெட்டி என் மடியில் இருந்தது. உள்ளே சின்ன ஃபான் 'ங்' என்று சுற்றிக்கொண்டிருந்தது. கடையில் கேட்காத அந்தச் சத்தம் பஸ்ஸில் எனக்கு அவ்வளவு பெரிதாகக் கேட்டது. பஸ்களில் குண்டு வெடித்த அந்தக் காலத்தில் பஸ்ஸில் இருக்கிற எல்லாருமே மற்றவர்களின் பார்சலுக்குக் காது கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். பக்கத்திலிருந்த அம்மா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழும்பிப் போய் வேறு சீட்டில் இருந்தார். டொமினிக் எனக்கு முன்சீட்டில், கண்ணை மூடி விரலால் முழங்காலில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் கேட்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டிலிருந்த ஸ்விற்சை அமத்தி அணைத்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனைக்குக் கிட்ட ஒரு செக்பொயின்ற். எல்லாரும் இறங்கி வரிசையில் நடக்க, வெறும் பஸ் அந்தப் பக்கம் போய் நிற்கும், அதுதான் வழக்கம். எங்கள் முறை வந்தபோது ஓர் இளம் ஆமிக்காரன் பெட்டியை மேசையில் வைக்கச் சொன்னான்.

"மேக்க மொக்கத?"

இது என்ன என்று கேட்டான். டொமினிக் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார், இது பாட்டு வாசிக்கிற கொம்பியூட்டர், இப்பவே காட்டுகிறேன் என்று. சிவப்பு விசையை அமத்தினார். ஒன்றும் வரவில்லை. திரும்ப அமத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் நிப்பாட்டிப்போட்டன்," என்றேன்.

அவர் ஸ்விற்சைப் போட்டார்.

பழைய கொம்பியூட்டர் உயிர் பிடிக்கும்போது முதல் வேலையாகத் தன் மெமரியை எண்ணிப் பார்க்கும். கறுப்புத் திரையில் வெள்ளை இலக்கங்கள் கடகடவென்று ஓடும். அதைத் தினமும் இருபது தரம் பார்க்கிறவள் நான். எனக்கு அது கண்ணிலேயே படாத ஒன்று. கண்ணாடி மூடிக்குக் கீழே வயர்கள், பற்றரி, ஓடுகிற இலக்கங்கள். இலக்கங்கள் கூடிக்கொண்டு போனவையே தவிரக் குறையவில்லை, ஆனால் நின்று பார்த்துக் கணக்குப் பிடிக்க யாருக்கு நேரம்? "பஸ்ஸட்ட, பஸ்ஸட்ட", பின்னால் போங்கள் என்று கத்திக்கொண்டு ஆமிக்காரன் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தான். வரிசை சிதறி ஓடியது. ஓர் ஒற்றைச் செருப்பு மேசைக்குக் கிட்டக் கிடந்தது. எண்ணி முடித்த பெட்டி, தன் வழக்கப்படி, 'பீப்' என்றது.

பெட்டி முழுதாக உயிர் பிடித்துப் பைலா வர இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது. அதற்கும் விசையை அமத்தக் கை வேண்டும். எங்கள் கைகள் மேலே இருந்தன.

கொஞ்ச நேரத்தில் சார்ஜன்ட் ஒருவர் வந்தார். வெடிக்காது என்று ஆனபிறகு கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "கவுத ஹெதுவே?" என்றார். யார் செய்தது?

அது எனக்கு விளங்கிய சிங்களம். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் டொமினிக், "மம" என்றார். நான்தான் என்றார். என் பக்கம் திரும்பவேயில்லை. சார்ஜன்ட் என் அட்டையையும் பதிவுத் துண்டையும் வாங்கி ஊர்ப் பெயரை இரண்டு தரம் வாசித்தார். இவ யார் என்று கேட்டார். பாட்டுக் கேட்க வந்தவ, அவவுக்கு ஒன்றும் தெரியாது என்று டொமினிக் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். நான் ஓமென்று தலையாட்டினேன்.

அவரையும் பெட்டியையும் ஜீப்பில் ஏற்றினார்கள். நான் நடந்தே போய் அவருடைய தாயிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அதையாவது செய்தேன். மண்டபத்தில் நாலு மணிக்கு வேறு யாரோ வாசித்தார்கள்.

அஞ்சு நாள் வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் டொமினிக் பெட்டியோடு கடைக்கு வந்தார். அதே வெள்ளைச் சட்டைதான், தோய்த்துப் போட்டிருந்தார். அடித்தார்களா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"மிஸ், உங்கட பைலா நல்லா வேலை செஞ்சது," என்றார். "முதல் நாள் பொலிஸ்ல ஒரு பெரியவர் வாசிச்சுக் காட்டச் சொன்னார். ஆடினாங்க. பிறகு ஒவ்வொரு நாளும் புதுசா யாராவது வருவாங்க, என்னைக் கூப்பிடுவாங்க. அஞ்சு நாளும் பைலாதான்."

"மற்றதுகள்?"

"மற்றதை அங்க வாசிக்க மனம் வரல்ல."

தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடுவோம் என்று சொல்லித்தான் வெளியே விட்டார்களாம். கசற்றுகளையும் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். "கொஞ்ச நாளைக்கு இது உங்களிட்ட இருக்கட்டும்," என்று பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இனிச் சொல்லப்போவதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவர் கசற்றுகள் போன பிறகு அந்தச் சத்தங்கள் எஞ்சியிருந்தது பெட்டிக்குள் இருந்த டிஸ்க்கில் மட்டும்தான். கப்பல் ஊதுவது, துறைமுகச் சங்கிலி, ரயில் யார்ட். கடையைச் சோதிக்க வந்தால் என்ன சொல்வது, அன்ரி வீட்டுக்கு வந்தால் என்ன சொல்வது என்று இரண்டு நாள் இதே யோசனை. மூன்றாம் நாள் காலை முதலாளி வர முன்னம் பெட்டியைக் கழற்றி, டிஸ்க்கைக் கடைக் கொம்பியூட்டரில் கொளுவினேன். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கொம்பியூட்டர் கேட்டது. ஓம் என்று அடித்தேன். பாகங்கள் வேறு வேறு ஆட்களின் கொம்பியூட்டர்களுக்குள் போயின. திருகாணி பதினாலும் சாசரில் இருந்தன.

டொமினிக் அடுத்த வருசம் வெளிநாடு போய்விட்டார். போன மாதம் போன் எடுத்தார். மகள் கொம்பியூட்டரில் இசை செய்கிறாளாம், அப்பாவின் துறைமுகச் சத்தம் வேண்டுமென்று கேட்கிறாளாம்.

"அந்த டிஸ்க் எங்கயாவது இருக்குமா மிஸ்?"

"தேடிப் பாக்கிறன்," என்று சொல்லிவிட்டேன்.

நேற்று போனை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனேன். மீன் இப்போது திரீவீல் ஓட்டோவில் வருகிறது, ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் விலை சொல்கிறது. கோயில் மணி கரண்டில் அடிக்கிறது. வரும் வழியில் அந்த செக்பொயின்ற் இருந்த இடத்தில் இறங்கினேன். இளநீர்க் கடை போட்டிருக்கிறார்கள். போனை நீட்டிப் பிடித்தபடி கன நேரம் நின்று ரெக்கோர்ட் பண்ணினேன். என்ன செய்கிறாய் என்று யாராவது வந்து கேட்டால், அந்தப் பெட்டியைச் செய்தவள் நான்தான் என்று முதலில் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை.