மூன்றாவது துளை

அந்த டிவி என்னைக் கடிக்கிறது என்று நான் முதன்முதலில் சொன்னபோது, என் கணவர் புது ரிமோட்டைப் பாலிதீன் உறைக்குள் நுழைத்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஈரக் கையோட தொட்டிருப்ப."

என் கை ஈரமாக இல்லை. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டுத்தான் தொட்டேன். கேபிள் ஒயரைப் பின்னால் சொருகப் போனேன், சுருக்கென்றது. விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரை ஒரு எறும்புப் படை ஓடியது. சொன்னேன். எறும்பு என்றதும் சிரித்தார். பத்திரிகைகளுக்கு எழுதுகிற நான் எதைச் சொன்னாலும் கவிதையாகச் சொல்கிறேன் என்பது அவருடைய நெடுநாள் குறை.

அஸ்தினாபுரத்தில் மூன்று மாடி அடுக்ககம் ஒன்றில் முதல் மாடி எங்களுடையது. டிவி எங்களுக்காக வாங்கியதல்ல. திருச்சியில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வரவிருந்தாள். எழுந்து நடமாடாமல் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாளெல்லாம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு எப்படிக் கிடப்பாள்? வயிறு பெருத்த பழைய டிவி அவள் அறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நுழையாது. அதனால் தட்டையானது. அது தட்டை டிவி வந்த வீட்டைத் தெருவே எட்டிப் பார்த்த காலம்.

பொருத்த வந்த பையன் பொழிச்சலூர்க்காரன். கதவைத் திறந்தவள் நான். என் தோளுக்கு மேலே வீட்டுக்குள் பார்த்தான்.

"சார் இல்லியா மேடம்?"

"எதுக்கு சார்? சுவத்துல மாட்டப் போறது டிவியத்தானே?"

அவன் சிரித்தான். துளை போடும் மிஷினைச் சுவரில் வைத்ததும் உள்ளிருந்து மணல் கொட்டியது. பூச்சு ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. "இன்னா மேடம் செவுரு இது, பொட்டுக்கடலை மாவாட்டம் கீது. இதுல மாட்டினா டிவி கட்டில்ல படுக்கறவங்க மேலயே வுழும்." நல்லவேளை, வாயைத் திறந்து சொன்னான். பழைய தையல் மிஷினின் மர மேஜையை இழுத்துப்போட்டு அதன்மேல் நிறுத்தினான். படம் வந்தது. செய்தி வாசித்த பெண்ணின் முகம் இட்லிப் பானை மூடி மாதிரி அகன்று கிடந்தது. எல்லோரும் குட்டை, எல்லோரும் குண்டு. "ஃபுல் ஸ்க்ரீன்ல அப்டித்தான் தெரியும் மேடம், நாலு நாள்ல கண்ணு பயகிடும்" என்றான். பழகிவிடும். அந்த வார்த்தையை அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு வாயிலிருந்தும் கேட்டேன். இப்போது யார் அதைச் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் பக்கத்துக் கேபிளுக்கு ஒரு குணம் உண்டு. காற்று அடித்தால், மொட்டைமாடிக் கம்பியில் காக்கை உட்கார்ந்தால், படத்தில் வெள்ளைப் புள்ளிகள் பனியாகக் கொட்டும். கொட்டினால் எழுந்து போய் டிவியின் பின்னால் கைவிட்டு ஒயரைத் திருக வேண்டும். எல்லா வீட்டிலும் அதுதான் வைத்தியம். என் மகளும் அப்படித்தான் செய்வாள். படுத்திருப்பவள் எட்டிக் கையை நீட்டுவாள். கையில் வளைகாப்பு வளையல்கள் இருக்கும். தலை குளித்துவிட்டு வெறுங்காலோடு அந்த வழவழத்த டைல்ஸில் நிற்பாள். 

காலையில் தொட்டால் பலமாகக் கடித்தது. மத்தியானம் லேசாக. சில சாயங்காலங்களில் ஒன்றுமே இல்லை. பையனை மறுபடி வரவழைத்தேன். அவன் வந்த நேரம் மத்தியானம். தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"கேபிள் லைன்ல லீக்கேஜ் கீது மேடம். நம்ம டிவில ஒண்ணியும் இல்ல. சப்பல் போட்டுக்கினு தொடுங்க, பேஜாரே இல்ல."

கேபிள்காரனோ டிவியில்தான் கோளாறு என்றான். அவனும் செருப்புத்தான் சொன்னான். அன்று மாலை என் கணவர் நீல வாரில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்து டிவி மேஜைக்குக் கீழே வைத்தார். பிரச்சினை தீர்ந்தது என்ற முகத்தோடு காப்பி கேட்டார். கொடுத்தேன். டம்ளரை மேஜையில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரியிடம் போனேன். எங்களுக்கு நேர் கீழே, தரைத்தள வீடு. பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கேட்பவருக்குப் பொறுமை வரட்டும் என்று துடைப்பாரோ என்னவோ.

"மேடம், எலக்ட்ரானிக் ஐட்டம்னா லைட்டா இருக்கத்தான் செய்யும். நம்ம பில்டிங்ல எர்த்திங் எல்லாம் பக்கா. வாட்ச்மேன் வாராவாரம் எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தறான். நீங்க சார வரச் சொல்லுங்க, நான் அவர்கிட்ட பேசிக்கறேன்."

சாரை வரச் சொல்லுங்கள். டிவி கடித்தது என்னை. விளக்கம் சாருக்கு.

செக்ரட்டரியின் மனைவியை மறுநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பார்த்தேன். தலைக்கு மேலே ஒரு விமானம் மீனம்பாக்கத்துக்குத் தாழ்ந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சல் ஓயக் காத்திருந்து, நான் கேட்காமலே அவர் சொன்னார்.

"உங்களுக்கு டிவிலதானே? எனக்குக் குளிக்கறப்பவே அப்படித்தான். குழாயத் தொட்டா சுருக்குங்கும். நான் செருப்பு போட்டுட்டுத்தான் குளிப்பேன்."

நனைந்த போர்வை என் கையிலேயே தொங்கியது.

"எத்தன வருஷமா அக்கா?"

"குடிவந்ததுலேருந்தே."

"சார்கிட்ட சொல்லலையா?"

"சொல்லாமலா? அவர்தான் செருப்பு வாங்கிக் குடுத்தாரு."

ஒரு மனுஷி செருப்புப் போட்டுக்கொண்டு குளிக்கிறாள். கூந்தலிலிருந்து தண்ணீர் வழிய, கடவுள் பெயர் சொல்லிக்கொண்டு, காலில் செருப்போடு. வெளியே ஹாலில் உட்கார்ந்து ஒருவர் எர்த்திங் பக்கா என்று கண்ணாடி துடைக்கிறார். அன்று இறங்கி வரும்போது இரண்டு வீடுகளில் விசாரித்தேன். மூன்றாம் மாடியில் மரக்கரண்டியால் வாஷிங் மிஷினைத் திறக்கிறார்கள். எதிர் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு முன்னால் மணைப்பலகை. கேட்டால், பழகிடுச்சு. எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. அதை யாரும் பழுது என்று எண்ணவில்லை. சமையலறையின் சூடு மாதிரி, லாரித் தண்ணீரின் கறை மாதிரி, வீட்டோடு வந்தது என்று எடுத்துக்கொண்டு அதன்மேல் செருப்பு மாட்டியிருந்தார்கள்.

மகள் வர ஒரு வாரம்கூட இல்லை.

மறுநாள் காலை கடைக்குப் போய் ஒரு டெஸ்டர் வாங்கினேன். ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும், மின்சாரம் பட்டால் கைப்பிடிக்குள் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரியும். கடைக்காரரும் "சாருக்கா?" என்றுதான் கேட்டார். காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு டிவியின் பின்புறத்துத் திருகில் வைத்தேன். எரிந்தது. கேபிள் ஒயரைக் கழற்றினேன். எரிந்தது. ஆக, கேபிள்காரன் மேல் பழியில்லை. சுவிட்சை அணைத்தேன். டிவி செத்துவிட்டது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அங்கேதான் எனக்கு உறைத்தது. அணைத்த டிவிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? பிளக்கைப் பிடுங்கினேன். விளக்கு போனது. திரும்பச் சொருகினேன், சுவிட்சைப் போடாமலே. வந்தது. சுவிட்ச் கட்டுப்படுத்துவது கீழ்த் துளைகளில் ஒன்றைத்தான். மேலே இருக்கும் பெரிய மூன்றாவது துளைக்குச் சுவிட்ச் கிடையாது. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோய் இறக்குவதற்காக வைத்த வழி அது. வெளியேற வைத்த வழியில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

யாருடைய மின்சாரம்? குழாய் கடிக்கிறது என்ற கீழ் வீட்டு அக்காவின் நினைவு வந்தது. பால்கனிக்கு ஓடிக் கீழே குனிந்து கத்தினேன்.

"அக்கா! கீசர் போட்டிருக்கீங்களா?"

"ஆமா, அவரு குளிக்கணுமே."

"கொஞ்சம் அணைங்க."

ஓடி வந்து டெஸ்டரை வைத்தேன். விளக்கு மங்கித் தணிந்தது. போடச் சொன்னேன். பளிச்சென்று எரிந்தது. காலையில் ஏன் பலமாகக் கடித்தது என்பது அப்போதுதான் விளங்கியது. செக்ரட்டரி வீட்டுக் கீசர் கசிகிறது. மண்ணுக்குப் போக வேண்டிய கசிவு, போக இடமில்லாமல் எல்லா வீட்டு மூன்றாவது துளைகளிலும் ஏறிக் குடியிருக்கிறது.

வாட்ச்மேன் பெரும்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். எர்த் குழியைக் காட்டச் சொன்னேன். செக்ரட்டரியின் காருக்கு அடியில் பாதி மறைந்து ஒரு சிமென்ட் மூடி இருந்தது.

"வெள்ளிக்கெயம தவறாம ஒரு கொடம் ஊத்துறேன் மேடம். வெயில் காலத்துல உப்பும் போடுவேன். சார் சொல்லிக்கீறாரு."

"தூக்குங்க."

அதை அவர் தூக்கியதே இல்லை. மூடியின் நடு ஓட்டையில்தான் ஊற்றியிருக்கிறார். தூக்கினார். உள்ளே உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி, ஒரு பான்பராக் உறை. குச்சியால் கிளறினார். எர்த் குழியில் இருக்க வேண்டிய குழாய் இல்லை, தகடு இல்லை, கரி இல்லை. பக்கத்துச் சுவரில் மேலிருந்து இறங்கி வந்த பச்சை எர்த் ஒயர் பூச்செடித் தொட்டிக்குப் பின்னால் தரைக்கு ஒரு சாண் மேலேயே முடிந்திருந்தது. அதன் நுனியில் பிளாஸ்டிக்கைக்கூடச் சீவவில்லை. கட்டடம் கட்டியவன், கடையில் வெட்டிய ஒயரை அப்படியே தொங்கவிட்டுப் போயிருக்கிறான். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு மனிதர் குடம் சுமந்து வந்து குப்பைக்கு உப்புத்தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

நான் கத்தினேன். எனக்குக் கத்த வரும் என்பது அன்றுவரை அந்த அடுக்ககத்துக்குத் தெரியாது. செக்ரட்டரி துண்டோடு வெளியே வந்தார். எட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் துடைக்க ஒன்றும் இல்லை.

"இத சங்கத்து ஜெனரல் பாடி மீட்டிங்ல வெச்சுப் பேசலாம் மேடம். பில்டர் நம்ம ஆளுதான், ஃபோன் போட்டா வருவாரு. திடீர்னு தோண்ட முடியாது. கார் நிக்கற இடம் வேற."

"என் பொண்ணு ஞாயித்துக்கிழம வரா சார். ஏழு மாசம்."

"அதுவரைக்கும் செருப்ப..."

"வயித்துல இருக்கற குழந்தைக்கு எந்த சைஸ் சார் வாங்கணும்?"

என் கணவர் மேலிருந்து இறங்கி வந்து என் முழங்கையைப் பிடித்தார். "ஏன் இப்படிக் கத்தற? நாலு பேர் பாக்கறாங்க." பார்க்கட்டும் என்றேன். நாலு பேர் பார்க்காததால்தான் இந்தக் குழி இத்தனை வருஷம் குழியாக நடித்தது என்றேன். அப்போதும் அவர் கண்ணில், இவள் இதை எழுதிவிடுவாள் என்ற பயம்தான் தெரிந்தது. எழுதிவிட்டேன்.

செக்ரட்டரியின் மனைவி வாசலுக்கு வந்தார். கையில் கார் சாவி.

"காரை எடுங்க."

"நீ உள்ள போ."

"நான் இத்தன வருஷம் செருப்பு போட்டுட்டுக் குளிச்சேன். உங்க கார் ரெண்டு நாள் வெயில்ல நின்னா கருத்துப் போயிடாது. எடுங்க."

அவர் குரல் உயரவில்லை. நான் கத்தியதைவிட அது தூரம் போனது. மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்த பெண்களில் யாரோ சிரித்தார்கள். கார் தெருவுக்குப் போனது.

ஆள் வைத்துத் தோண்டினோம். ஈர மண் வரும்வரை. இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகக் கொட்டி, பச்சை ஒயரின் நுனியைச் சீவி முறுக்கிக் கட்டினார்கள். கட்டிய மறுநாள் காலை செக்ரட்டரி கீசரைப் போட்ட கணத்தில் அவர் வீட்டு ஃபியூஸ் படாரென்று போனது. கசிவுக்கு முதன்முறையாகப் போக்கிடம் கிடைத்த சத்தம் அது. கீசர் மெக்கானிக் வரும்வரை அவர் பச்சைத் தண்ணீரில் குளித்தார். நான் வருத்தப்படவில்லை. டெஸ்டரை டிவியின் பின்னால் வைத்தேன். கறுப்பு. சுவிட்சைப் போட்டு வைத்தேன். கறுப்பு. அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தேன். மகிழ்ச்சி வரவில்லை. கடைசியில் இவ்வளவுதானா வேலை என்ற ஆத்திரம்தான் வந்தது. ஒரு குழி, ஒரு குழாய், ஒரு முறுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மகளைத் தாம்பரத்தில் ரயிலிலிருந்து இறக்கி ஆட்டோவில் அழைத்து வந்தோம். சாயங்காலம் காற்று எழுந்தது. நான் அடுப்படியில் அவளுக்கு ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, படம் போயிடுச்சு, ஒரே புள்ளியா இருக்கு. இரு, நானே பாக்கறேன்."

கரண்டியை எறிந்துவிட்டு ஓடினேன். வாசற்படியில் நின்று, "தொடாதே!" என்று அலறினேன். அவள் அதற்குள் கட்டில் விளிம்பில் சாய்ந்து, கை நிறைய வளையல் குலுங்க, வெறுங்காலைத் தரையில் ஊன்றி, டிவியின் பின்னால் ஒயரைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் யாருமில்லை. ஆனாலும் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பி வயிற்றில் கை வைத்தாள். "ஏம்மா இப்படிக் கத்தற? பயந்தே போயிட்டேன். என்ன ஆச்சு உனக்கு?"

படம் வந்துவிட்டது. யாரோ குட்டையாக, குண்டாக, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன ஆச்சு என்று அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? ஹாலிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்து, "உங்கம்மாவுக்கு டிவின்னாலே பயம்" என்றார்.