தேவசகாயத்துக்குக் கிடைக்காத இயந்திரம்

புதன்கிழமை காலை நூலகத்தைத் திறந்து செய்தித்தாள்களை மேசையில் விரித்துக்கொண்டிருந்தேன். தேவசகாயத்தின் மகள் எஸ்தர் உள்ளே வந்தாள். கையில் மூன்று புத்தகங்கள். என் முன்னால் வைத்துவிட்டு, "இத்தக் குடுத்துட்டு வரச் சொல்லிச்சு அம்மா. நைனா காலைல பூட்டாரு" என்றாள். நான் வழக்கம்போல அட்டைகளைத் தேடி எடுத்துத் தேதி முத்திரை குத்தினேன். மூன்றாவது புத்தகத்துக்குக் குத்தும்போதுதான் அவள் சொன்னது சாவுச் செய்தி என்று எனக்கு உறைத்தது.

கும்மிடிப்பூண்டி வாசகர் வட்டத்தில் தேவசகாயத்தைத் தெரியாதவர்கள் இல்லை. இரும்பு ஆலையில் ஃபிட்டர். தொழிற்பேட்டை வருவதற்கு முன்பு ஆரணிப் பக்கம் வயல் வயலாகப் போய் டீசல் பம்புசெட் பழுது பார்த்தவர். நம் கையெழுத்துப் பத்திரிகையில் விஞ்ஞானக் கதை எழுதிய ஒரே ஆள். உங்களில் சிலர் அவரை 'ராக்கெட்டு' என்று கூப்பிட்டீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்தக் கதைகளில் ஒன்று எப்படிப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. அறுபதுகளின் நடுவில் அவருடைய தங்கை மேரி பிரசவத்துக்குப் பிறகு செத்துப்போனாள். சிறுநீர் நின்றுவிட்டது. ரத்தத்தில் கழிவு ஏறிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எட்டு நாள் உயிரோடு கிடந்தாள். ஒரு மாதம் கழித்து தேவசகாயம் நூலகத்துக்கு வந்து, சிறுநீரகத்தைப் பற்றித் தமிழில் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். பள்ளிப் பாடப் புத்தகம்தான் இருந்தது. நின்றபடியே படித்து முடித்தார்.

"லைப்ரரியம்மா, இஞ்சின்ல ஆயில் கெட்டுப்போனா ஃபில்டர் போட்டு வடிகட்டறோம். அதே மாதிரி ரத்தத்த வெளிய எடுத்து, கழுவி, திரும்ப உள்ள வுட்டா இன்னா?"

"அதெல்லாம் நடக்கிற காரியமா?" என்றேன்.

"கதையில நடக்கும் இல்ல?"

மூன்று வாரத்தில் கதை வந்தது. அதில் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் பீரோ உயரத்துக்கு ஓர் இயந்திரம் நிற்கிறது. பிள்ளை பெற்ற ஒருத்தி அதன் பக்கத்தில் படுத்து எழுந்து, சாயங்கால பஸ்ஸில் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறாள். வட்டத்தில் அவர் அதைப் படித்தபோது, "மனுஷன் ரத்தம் இன்னா மண்ணெண்ணெயா?" என்று யாரோ கேட்க, கூட்டமே சிரித்தது. அவர் கோபப்படவில்லை. "இன்னிக்கு நீங்க சிரிங்க. மெஷின் வந்தப்பறம் நானு சிரிக்கறேன்" என்றார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், சென்னையிலிருந்து வந்த பழைய ஆங்கிலப் பத்திரிகைக் கட்டில் அந்த இயந்திரத்தின் படத்தைப் பார்த்தேன். உடனே ஆள் அனுப்பினேன். ஷிப்டு முடிந்ததும் எண்ணெய்க் கையோடு ஓடி வந்தார். படத்தைத் தொடாமல் அதன் மேலாக விரலை நகர்த்தினார். "இந்த எடத்துல நானு ஒரு பம்பு வெச்சிருந்தேன். அவுங்களும் வெச்சிக்கீறாங்க." கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். படித்தேன். வெளிநாட்டில் பல வருடங்களாகவே அது புழக்கத்தில் இருக்கிறதாம், அவர் கதை எழுதுவதற்கு முன்பிருந்தே.

படத்தின் மேலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். பிறகு, "அப்போ மேரி சாவும்போதே இது ஒலகத்துல இருந்துச்சா?" என்று கேட்டார்.

அன்று அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கதையும் எழுதவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஆலையில் வேலை அதிகம் என்று சொல்லிவைத்தார்.

கதை எழுதிப் பன்னிரண்டு வருடம் கழித்து, போன வருடம், அவருக்குக் கால் வீங்கியது. வேலைக்குப் போட்டுப் போகும் பூட்ஸ் ஏறவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆங்கிலச் சீட்டைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று அவர் மனைவி ரோசம்மா என்னையும் அழைத்துப் போனாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார் மருத்துவர். நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார்.

"மெஷின் கீதுன்றாங்களே டாக்டர்?" என்றாள் ரோசம்மா.

"இருக்கிறது ஒண்ணே ஒண்ணும்மா. பிரசவத்துல, பாம்புக்கடியில சிறுநீரகம் நின்னுபோனவங்களுக்கு நாலஞ்சு தடவை போட்டா அது மறுபடி வேலை செய்யும். இவருக்கு அப்படி இல்ல. ஆயுசு முழுக்க, வாரத்துக்கு ரெண்டு தடவை போடணும். எங்களால முடியாது."

தேவசகாயம், "ஒரு தபா பாத்துட்டுப் போலாமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஒரு சின்னப் பெண் படுத்திருந்தாள். குழாய்களில் அவள் ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவர் பெரிதாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "பொண்ணு கால் நடுங்குது பாரு ரோசா. யாராவது போத்தி வுடக் கூடாதா?" என்றார்.

திரும்பி வரும்போது ரயில் பொன்னேரி தாண்டியது. அப்போது அவர் என்னிடம், "எல்லாத் தாலுகாவுலயும் கீதுன்னு எழுதிட்டேன். அந்தப் பக்கத்தக் கிழிச்சிடுங்க லைப்ரரியம்மா. எவனாவது நம்பிக்கினு ஓடப்போறான்" என்றார். நான் கிழிக்கவில்லை. கிழித்துவிட்டதாகப் பொய் சொன்னேன்.

இரங்கல் கூட்டத்தில் நீங்கள் பேசினீர்கள். வரப்போவதை முன்பே கண்டவர் என்றீர்கள். உண்மைதான். ஆனால் கண்டதனால் அவர் ஆயுள் ஒரு நாள்கூட நீளவில்லை. மேரிக்கு இயந்திரம் கடல் தாண்டி இருந்தது. இவருக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இதில் ஆறுதல் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

அவருடைய கடைசி ஞாயிறன்று ரோசம்மாவும் எஸ்தரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிறுநீர் பிரியாத உடம்பு என்பதால், ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் தண்ணீருக்கு மேல் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. அன்றைய கிண்ணம் காலையிலேயே தீர்ந்திருந்தது.

"ஒரு தம்ளர் தண்ணி குடுங்க. தொண்டையெல்லாம் காஞ்சி கெடக்குது."

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காரே."

"அது பொழைக்கறவனுக்குச் சொன்னது."

நான் துணியை நனைத்து அவர் உதட்டைத் துடைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். தண்ணீர்ப் பானையைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். மூன்றே நாளில் போய்விட்டார்.

அவர் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று வட்டத்தில் கேட்டீர்கள். நான் கொடுக்காத அந்தத் தண்ணீர் இருக்கிறது. பானை நிறைய இருந்தது. கையை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.