புகை குறைந்தது, சந்தேகம் கூடியது

மேலகரத்தில் பழைய டீசல் வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். அச்சன்புதூரில் ஒருவர் தாவர எண்ணெயில் செய்த பயோடீசல் விற்றார். "டீசலோட கொஞ்சம் கலந்து ஊத்துங்க அண்ணாச்சி, புகையே வராது" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. மண்ணெண்ணெய் கலப்பாரோ என்று முகர்ந்தே வாங்கினேன். ஆனாலும் புகை ஒரேயடியாகப் போகட்டும் என்று பாதிக்குப் பாதி ஊற்றினேன். கரும்புகை குறையத்தான் செய்தது. இழுவை சற்று மந்தம்.

நான்காம் நாள் பதினோரு பேருடன் ஐந்தருவி ஏற்றத்தில் என்ஜின் திணறி நின்றது. என்ஜின் நின்றதில் பிரேக் மிதி இறுகி, மிதித்தும் சரியாகப் பிடிக்காமல் வண்டி பின்னால் உருண்டது. கைபிரேக்கை உயிரைக் கொடுத்து இழுத்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிழைத்தோம்.

விற்றவரைப் போனிலேயே கலப்படக்காரன் என்று திட்டித் தீர்த்தேன். மறுநாள் மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே கருங்கசடு அடைத்துக் கிடந்தது.

"எண்ணெய் மேல தப்பில்ல அண்ணாச்சி. ஒங்க டேங்குல வருசக்கணக்கா ஒட்டிக் கெடந்த அழுக்க அது கரைச்சிட்டு. கழுவாம இம்புட்டு ஊத்திட்டியளே!"

அச்சன்புதூருக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது டேங்கைக் கழுவி, சிறிதளவே கலக்கிறேன்; ஃபில்டரை அடிக்கடி மாற்றுகிறேன். வண்டி முரண்டு பிடித்தால் அடுத்தவரைச் சந்தேகிக்கும் முன் என் வண்டியைச் சந்தேகிக்கிறேன்.