யாருடைய கொடியிலும் இல்லாத நிறம்

திண்டிவனத்தில் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். எல்லாக் கட்சிக்கும் எல்லாச் சங்கத்துக்கும் கொடி அடித்துப் பழகிய கை. நிறத்தைப் பற்றி யாராவது எனக்குப் பாடம் எடுத்தால் சுள்ளென்று கோபம் வரும். விழுப்புரத்தில் இளைஞர்களுக்காக நடக்கும் ஒரு தொண்டு நிறுவனம் லோகோ, பெயர்ப்பலகை, டி-சர்ட் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து தரச் சொன்னபோது, நான் யாரிடமும் கலந்து பேசவில்லை.

காணைப் பக்கம் ஒரு கிராமத்தில் அவர்களுடைய புது மையம் திறக்கவிருந்தது. அதை நடத்தப்போகிறவள் பத்தொன்பது வயதுப் பெண், காலனியைச் சேர்ந்தவள். ஊர்த் தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க, வீடு வீடாக ஏறி இறங்கிச் சம்மதம் வாங்கியிருந்தாள். இது தெரிந்துதான் நான் என் மூளையைக் காட்டினேன். ஊர்த் தெருக்காரர்கள் கொடியின் நிறம் இடது பாதி, காலனிக்காரர்கள் கொடியின் நிறம் வலது பாதி. ஆளுக்குப் பாதி, சண்டை தீர்ந்தது என்று நினைத்தேன்.

மையத்துக்கு எடுத்துப் போன மாதிரிச் சட்டையைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"சார், பாதியப் போட்டுக்கினு பாதியக் கழட்டி வெக்க முடியுமாங்க? இதப் பாத்தா ரெண்டு தெருவுலயும் பசங்கள அனுப்ப மாட்டாங்க."

"அப்ப நீயே சொல்லும்மா" என்று கலர் அட்டையை அவள் முன்னால் போட்டேன். கோபத்தில்தான் போட்டேன்.

பேனாவை எடுத்து ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டே வந்தாள். இந்த நிறம் இன்னார் கொடி. இந்த நிறக் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏறக்கூடாது. இந்த நிறச் சட்டையோடு கோயில் பக்கம் போன பையனை நிறுத்தி எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார்கள். வெள்ளை? "அழுக்குப் புடிக்கும், அம்மாங்க திட்டுவாங்க." அட்டையில் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது. இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதானா இந்தப் பிள்ளைகள் தினமும் காலையில் சட்டை மாட்டுகிறார்கள்?

வாசலில் மல்லாட்டையை, அதாவது வறுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்த பிள்ளைகளிடம் ஒரு பிடி வாங்கி, ஒரு பருப்பின் மெல்லிய தோலை அட்டைமேல் வைத்தாள். மங்கிய செம்பழுப்பு.

"இந்தக் கலர்ல யாருக்கும் கொடி இல்லீங்க சார்."

இத்தனை வருடம் நான் இந்த நிறத்தில் ஒரு கொடிகூட அடித்ததில்லை. அதே நிறத்தில் சட்டை அடித்தேன். லோகோவில் படம் எதுவும் போடவில்லை. எதை வரைந்தாலும் யாராவது தங்கள் சின்னம் என்பார்கள். பெயரை மட்டும் வெள்ளை எழுத்தில் போட்டேன்.

திறப்பு நாளன்று கடையை மூடிவிட்டுப் போனேன். இரண்டு தெருப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். வகுப்பு முடிகிற நேரத்தில் ஊர்த் தெருக்காரர் ஒருவர் மகளை அழைத்துப் போக வந்தார். எல்லாப் பெண்களும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள், ஒரே சட்டை, ஒரே இரட்டைச் சடை. அவர் ஒரு தலையில் கைவைத்து, "எழுந்திரு பாப்பா, போலாம்" என்றார்.

திரும்பியது காலனிச் சிறுமி. அந்தக் குழந்தை பயத்தில் பாதி எழுந்துவிட்டாள்.

அவர் கையை உதறவில்லை. தலையில் இருந்த கை இருந்தபடியே, "உங்கூட்டாளி எங்க கண்ணு?" என்று கேட்டார்.

என் பக்கத்தில் நின்ற அந்தப் பத்தொன்பது வயதுக்காரி சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள்.