பச்சை விழுந்த விண்ணப்பம்

நடுவாள் என்ற பெயர் உறவுக்காரர் காதில் முதலில் விழுந்தது, பெரியப்பா செத்த வீட்டில்தான். பெரியம்மாவின் தம்பி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான்டா பண்றே?" என்று கேட்டார்.

"முன்னால ஒரு பக்கம் இருக்கும் மாமா. ஜனங்க அதுல எழுதுவாங்க. பின்னால டேட்டாபேஸ்னு ஒரு கிடங்கு. யாரும் நேரா அதுக்குள்ள போக முடியாது. நான் நடுவுல. வாங்கி, சரிபார்த்து, உள்ள அனுப்பி, பதில் வாங்கித் தருவேன்."

பக்கத்திலிருந்த அக்கா, "நடுவாளுன்னு சொல்லிட்டுப் போயேன்டா, எதுக்கு இத்தனை சுத்து?" என்றாள். துக்க வீடென்றும் பாராமல் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அம்மா போனபின் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அந்த அக்கா. எங்கோ மலைக்கு அந்தப்பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் புருஷன் பக்கவாதத்தில் விழுந்து, இங்கே நகரத்து வீட்டில் வேற்றாள் கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் இடமாற்றம். விண்ணப்பம் போட வேண்டிய இணையதளத்தைக் கட்டியது நடுவாளின் ஆபீஸ்.

அதில்தான் வினை. கிடங்கு பதில் சொல்லும்வரை திரையில் சக்கரம் சுற்றுகிறது என்று ஜனங்கள் திட்டினார்கள். மேனேஜர் வந்து, "விண்ணப்பம் சேர்ந்துடுச்சுன்னு பச்சை டிக்கை முதல்ல காட்டு. பதிவு பின்னால மெதுவா ஆகட்டும்" என்றார்.

"அதுக்குள்ள மெஷின் நின்னுட்டா சார்?"

"உன் வாயில நல்லதே வராதா?"

அவன் தலையாட்டினான். வந்த விண்ணப்பங்களைத் தன் மெஷினான சர்வரின் தற்காலிக நினைவிலேயே வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கிடங்குக்கு அனுப்பும்படி எழுதினான்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் காலை அக்கா போன் செய்தாள்.

"பச்சை விழுந்துடுச்சு. எதுக்கும் இன்னொரு தடவை போட்டுடட்டுமாடா?"

"வேணாங்க்கா. பச்சை விழுந்தா முடிஞ்சுது."

கால் மணி நேரத்தில் கூட்டம் தாங்காமல் சர்வர் திணறி நின்றது. அதை அணைத்து மறுபடி கிளப்பியது அவன் கைதான். வரிசையில் காத்திருந்த அத்தனையும் அழிந்தன.

"அறிவிப்பு போடலாம் சார், திரும்ப அனுப்பச் சொல்லி."

"போட்டா நம்ம மானம் கப்பலேறும். வேணுங்கறவன் திரும்ப வருவான்."

பச்சையைப் பார்த்தவன் எதற்குத் திரும்ப வரப்போகிறான்? அது தெரிந்தும் நடுவாள் வாயைத் திறக்கவில்லை. அக்காளுடையது எப்போதோ உள்ளே போயிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

இடமாற்றப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. தேடிப் பார்த்தான். அவள் விண்ணப்பம் வாசல்வரை வந்த தடம் சர்வர் குறிப்பில் இருந்தது, கிடங்கில் இல்லை. அந்தத் தடத்தைக் காட்டி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் மேலிடத்தில் முறையிடலாம் என்று அக்கா கேட்டாள்.

"குடுத்தா என் வேலை போயிடும்க்கா."

அவள் கத்தவில்லை. "நடுவாளுன்னு நான் சும்மாதான்டா சொன்னேன்" என்று போனை வைத்தாள்.

அடுத்த இடமாற்றம் வருமுன் அவள் புருஷன் போய்விட்டார். அவள் வந்து சேர்ந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நடுவாள் இப்போதும் அதே ஆபீசில், மூன்றாம் மாடியில், ஜன்னலோர நாற்காலியில் இருக்கிறான்.