பந்தியைக் காக்க வைத்த பாட்டு

அருமனை டைட்டஸ் விடியலில் ரப்பர் மரத்தை வெட்டுவார், மாலையில் கிட்டாரை வெட்டுவார் என்று ஊரில் பேச்சு. பேசியவர் எவரும் அவர் பாட்டை முழுதாகக் கேட்டதில்லை என்பதால் இந்தச் சாட்சியம் செல்லாது.

2004இல் ‘தென்முனை’ என்ற ராக் இசைக்குழுவைத் தொடங்கினார். ‘எங்களுக்குத் தெற்கே கடல்தான்’ என்பது விளம்பரம். அருமனைக்குத் தெற்கே குமரி மாவட்டத்தில் பாதி கிடக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை.

சொந்தப் பாட்டு ஒன்றே ஒன்று. மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு கிடையாது. அந்த நாளைப் பற்றியது. ஏழு நிமிடம் ஓடும். கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டெல்லாம் முடித்துவிட்டு அதைத் தொடங்குவார். இரண்டாம் நிமிடத்தில் யாராவது, “இலை போட்டாச்சு” என்பார்கள். மண்டபம் காலி. ஒன்பது வருடம் இதே கதை.

2013இல் டிரம்ஸ் வாசிக்கும் ஜெப்சனுக்குக் கத்தார் விசா வந்தது.

“வோய், புதுக்கடை கல்யாணம்தான் கடைசி. அதுலயும் ஒம்ம பாட்டு முடியல்லன்னா டிரம்ஸ வித்துட்டு நான் பிளைட் ஏறிருவேன்.”

“முடிஞ்சா?”

“முடியட்டு, பாப்போம்.”

சனம் போகிற இடத்துக்கே பாட்டும் போனால் என்ன? புதுக்கடை ஊர் மண்டபத்தில் டைட்டஸ் ஸ்பீக்கர்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு நகர்த்தினார். அங்கே உண்பவர் ஒவ்வொருவரின் பின்னாலும் அடுத்த பந்திக்காரர் ஒருவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நிற்பார். பூகம்பம் வந்தாலும் அசைய மாட்டார். இப்படிப்பட்ட ரசிகர்கள் எந்த ராக் குழுவுக்கு வாய்த்தார்கள்?

ஒரு பிசகு. ஜெப்சன் அடித்த வேகத்துக்கு உண்பவர்களின் கையும் வேகம் பிடித்தது. பாயசத்தை வாங்கியவர் நிமிரும்போது மோர் வந்து நின்றது.

“அடி மக்கா, விடாத அடி! அரமணிக்கூர் பந்தி கால்மணிக்கூர்ல எந்திக்கி!” என்று பந்தி மேற்பார்வை செல்வதாஸ் குதித்தார். டைட்டஸின் முகம் நமத்துப்போன பப்படமாயிற்று.

மூன்றாம் பந்தி பாதி தாண்டியபோதுதான் சினிமாப் பாட்டு தீர்ந்து சொந்தப் பாட்டு. ‘மழையே நாளைக்கும் வா, கத்திக்கு லீவு தா’. ஐந்தாம் நிமிடத்தில் பந்தி எழுந்தது. இனி நாற்காலிகள் இழுபடும் சத்தம்தான். ஜெப்சன் குச்சியைத் தாழ்த்தினார்.

ஓமனா என்று ஒரு பால்வெட்டுக்காரி. மூன்று பந்தியில் இடம் தவறி, பசியோடு நாலாம் பந்திக்கு ஒரு நாற்காலியைப் பிடித்திருந்தவர். இலை விழுந்தும் உட்காரவில்லை.

“இரியும் அக்கா!” என்றார் செல்வதாஸ்.

“சும்மா நில்லும் வோய். மழ இன்னும் விடல்ல.”

பக்கத்தில் நின்றவரும் உட்காரவில்லை. அவரைப் பார்த்து அந்த வரிசையே உட்காரவில்லை. ஜெப்சன் குச்சியை மீண்டும் தூக்கினார். குமரி மாவட்டத்தில் கல்யாணப் பந்தியின் நாற்காலிகள் முழுதாக இரண்டு நிமிடம் காலியாகக் கிடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

“பாட்டு பாடி பந்திய நிறுத்திட்டீரே, பாவி!” என்று செல்வதாஸ் தலையில் கைவைத்தார். டைட்டஸுக்குக் கிடைத்த முதல் இசை விமர்சனம்.

ஜெப்சன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓமனாவுக்கு எதிர் இலையில் உட்கார்ந்தார்.

“வோய் டைட்டஸ், அடுத்த கல்யாணம் எங்க வச்சி?”