இரண்டு பக்கமும் எண் தெரிகிற தராசு

மட்டக்குளியில், ஆறு கடலோடு சேர்கிற பக்கமாக, வாளியும் சவர்க்காரப் பெட்டியும் செய்கிற ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொழிற்சாலை இருந்தது. சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்களில் நான் அங்கே வேலை செய்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவும் நானும் வந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். இடம்பெயர்ந்த அலைச்சலில் என் படிப்பு பாதியில் நின்றுவிட்டது. அரைகுறையாகப் படித்த எலெக்ட்ரோனிக்ஸ்தான் மிச்சம். அதை நம்பித்தான் முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார்.

முதலாளி சிங்களவர், ஆசைகள் கூடிய மனிதர். வாளி செய்து அலுத்துப்போய், தேயிலைத் தோட்டங்களுக்குக் கைத்தராசு செய்து கொடுப்பதாக ஒரு ஏஜென்டிடம் ஒப்புக்கொண்டிருந்தார். கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டினால் சின்னத் திரையில் நிறை எண்ணாக விழும். பற்றரியில் வேலை செய்வதால் மலையில் எங்கேயும் கொண்டுபோகலாம். உள்ளே வைக்கிற போர்டும் டிஸ்ப்ளேயும் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும். கூட்டை நாங்களே மோல்டில் வார்த்து, டிஸ்ப்ளேயை அதன் ஜன்னலில் இருத்திக் கொடுக்க வேண்டும்.

கேட்க லேசான வேலைபோல இருக்கும். ஆனால் டிஸ்ப்ளே என்பது நகம்போல மெல்லிய கண்ணாடி. கூட்டின் ஆணியைக் கொஞ்சம் கூட இறுக்கினால் கறுப்பாய் மை படர்ந்ததுபோல் கறை விழும். தளர விட்டால் எண்ணில் பாதிக் கோடு வராது, எட்டு மூன்றாகத் தெரியும். மோல்டிலிருந்து சுடச்சுட விழுகிற கூடு ஆறும்போது சுருங்கும். காலையில் அளவாக இருந்த ஜன்னல் பின்னேரம் கண்ணாடியைக் கடித்துக்கொண்டு நிற்கும். ஆரம்பத்தில் நாங்கள் உடைத்த கண்ணாடிகளை எண்ணிப் பார்த்துவிட்டு முதலாளி திரும்பிப் போய்விடுவார்.

நாங்கள் என்றால் நானும் இன்னொருத்தியும். அவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஜிந்துப்பிட்டியில், முருகன் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாள். நான் அவளை நீர் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். ஜன்னலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிய ஸ்பொஞ்சுப் பட்டி ஒன்றை ஒட்டி, கூடு சுருங்கினாலும் கண்ணாடி நோகாமல் இருக்க வழி கண்டுபிடித்தது நாங்கள் இருவரும் சேர்ந்துதான்.

முதல் தராசு ஒழுங்காக வேலை செய்த அன்றைக்கு, அதைக் கூரைக் கம்பியில் தொங்கவிட்டு, மோல்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் மணிச் சாக்கு ஒன்றைக் கொக்கியில் மாட்டினேன். எண் வந்தது. நான் உரக்க வாசித்தேன். அவள் எதிர்ப்பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, இந்தப் பக்கம் நின்னா ஒண்ணுமே தெரியலயே."

"நிறுக்கிற ஆள் அந்தப் பக்கம் நிக்கமாட்டார்தானே."

"நிறுக்கிறவரு நிக்கமாட்டாரு. கொழுந்து கொண்டாந்தவங்க நிப்பாங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பிறகு மேசைக்கு வந்து அடுத்த கண்ணாடியைத் துடைத்தபடியே கதைத்தாள். "எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே கொழுந்து எடுக்குறாங்க. தராசு முள்ள ஒருநாளும் பார்த்ததில்ல. கணக்கப்புள்ள வாயால என்ன சொல்றாரோ அதான் நெற."

அன்று பின்னேரமே அவள் முதலாளியிடம் போய்ச் சிங்களத்தில் கேட்டாள், இரண்டு பக்கமும் எண் தெரிகிற மாதிரிச் செய்ய முடியாதா என்று. எனக்கு அவ்வளவு நல்ல சிங்களம் வராது, பக்கத்தில் நின்றேன். பின்மூடியின் மோல்டைத் திரும்ப வெட்டுகிறது நடக்காத காரியம் என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி அவரை அரித்திருக்க வேண்டும். சில நாள் கழித்து, ஜன்னல் உள்ள முன்மூடிகள் இரண்டைக் கை கூப்பியதுபோல் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். இப்படி ஒன்று செய்து பாருங்கள், ஏஜென்டுக்குக் காட்டலாம் என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அதைச் செய்தோம். இரண்டும் முன்மூடி என்பதால் உள்ளே இருந்த ஆணிக்கால்கள் ஒன்றோடொன்று முட்டின. அவள் அவற்றைச் சூடான கத்தியால் வெட்டி, பசை வைத்து ஒட்டினாள். இரண்டாவது டிஸ்ப்ளேயை போர்டின் முதுகில் வைத்தபோது எண்ணே வரவில்லை, ஏதோ கோடுகள் வந்தன. பின்பக்கமாக வைத்ததில் இணைப்புகள் எல்லாம் இடம் வலமாக மாறியிருந்தன. மயிர்போன்ற வயர்களை ஒவ்வொன்றாகக் குறுக்கே இழுத்து நான் ஈயம் வைத்தேன். கடைசியில் ஒருநாள் தராசைத் தொங்கவிட்டு, நான் ஒரு பக்கமும் அவள் மறுபக்கமும் நின்றோம். இருவரும் ஒரே எண்ணைச் சொன்னோம். அவள் சாக்கைக் கழற்றிக் கழற்றித் திரும்ப மாட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்தக் கிழமை அவளுடைய அம்மா கோயில் திருவிழாவுக்கென்று மலையிலிருந்து ஜிந்துப்பிட்டிக்கு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரம் அவள் முதலாளியிடம் கேட்டாள். அம்மாவுக்குக் காட்டிவிட்டுத் திங்கள் காலை கொண்டுவருகிறேன் என்றாள். அவர் யோசிக்கவில்லை. பத்திரம் என்று மட்டும் சொன்னார். நானும் யோசிக்கவில்லை. நாங்கள் யாருமே அதை ஒரு தராசைத் தவிர வேறொன்றாகப் பார்க்கவில்லை.

வழமைபோல இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். கொட்டாஞ்சேனைக்குக் கிட்ட செக்பொயின்டில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு இளம் ஆமிக்காரன் அவளுடைய பையைத் திறந்து, துவாயில் சுற்றியிருந்த தராசை வெளியே எடுத்தான். ஒட்டிய மூடிகள் சரியாகப் பொருந்தாததால் ஒரு ஓரத்தில் வயர் தெரிந்தது. அவன் விரல் பட்டு ஸ்விட்ச் போட்டுவிட்டது. இரண்டு பக்கமும் பூச்சியங்கள் வந்தன. அவன் அதை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் பின்னாலாகப் போனான். குண்டென்று பயந்துதான் போனான், அவன் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸில் வந்த சனமெல்லாம் தெருவின் மறுபக்கத்துக்கு ஓடியது.

ஒரு அதிகாரி வந்தார். அவள் நல்ல சிங்களத்தில், குரல் நடுங்காமல், அது கொழுந்து நிறுக்கிற தராசு என்று சொன்னாள்.

"தராசுக்கு எதற்கு இரண்டு திரை?"

"ஒன்று நிறுக்கிறவருக்கு. மற்றது கொழுந்து பறித்தவருக்கு."

"எந்தத் தோட்டத்தில் அப்படித் தராசு இருக்கிறது?"

"எங்கேயும் இல்லை, சேர்" என்றாள் அவள். அதுதான் உண்மை.

எங்கள் இருவரையும் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். இருட்டுகிற நேரம் முதலாளி தன் வான் வண்டியில் மற்றத் தராசுகளை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒவ்வொன்றாகக் காட்டி விளங்கப்படுத்தினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று போட்ட என் அடையாள அட்டையைக் கண்டதும் முகம் மாறாத செக்பொயின்ட் கிடையாது. அன்றைக்கு அந்த அட்டைதான் என்னை வெளியே விட்டது. கொழும்பில் தங்குகிற தமிழர் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவும் ஒழுங்காக இருந்தது. அவளிடம் அட்டையே இல்லை. தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு இல்லாததுபோல அவளுக்கும் இல்லை. விண்ணப்பித்ததற்கான துண்டு மட்டும் வைத்திருந்தாள். அதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

நான் எழும்பும்போது அவள் வாங்குப் பலகையில் இருந்தபடி சொன்னாள். "அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க அக்கா. பொலிஸ்காரங்க போய்ச் சொன்னா பயந்துருவாங்க."

முதலாளியும் நானும் ஜிந்துப்பிட்டிக்குப் போனோம். அம்மா வாசலில்தான் நின்றார். மகள் அவருக்கு ஒன்றும் முன்கூட்டிச் சொல்லவில்லை, கொண்டுவந்து காட்டலாம் என்று வைத்திருந்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவர் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார். "தராசா? தராசுக்கா புடிச்சாங்க?"

மூன்றாவது கிழமை, வழக்கு ஒன்றும் போடாமல் அவளை விட்டுவிட்டார்கள். அதுவரை முதலாளி எத்தனையோ தரம் போய் வந்தார். அவருக்குத் தெரிந்தவர்களும் அந்த விஷயத்தில் கையை விரித்தார்கள். அவள் வெளியே வந்த அன்று நான் வேலையில் நின்றேன். பின்னேரம் ஜிந்துப்பிட்டிக்கு ஓடிப்போய்ப் பார்க்கையில், அம்மா அவளைப் பொலிசடியிலிருந்து நேரே கோட்டை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ரயில் ஏற்றிவிட்டார் என்று சித்தி சொன்னார். உடுப்பைக்கூட எடுக்க வரவில்லை.

தராசை முதலாளியிடம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். நெம்பித் திறந்ததில் இரண்டு கண்ணாடியும் கறுத்துப்போயிருந்தன. ஏஜென்ட் வந்தபோது முதலாளி வாயால் அதைப்பற்றிச் சொல்லிப் பார்த்தார். ஒரு பக்கம் போதும், இரண்டு பக்கமும் தெரிந்தால் நிறுக்கிற இடத்தில் வாக்குவாதம்தான் வரும் என்றார் ஏஜென்ட். கொஞ்ச நாளில் அந்த ஓடரும் நின்றது. தொழிற்சாலை வாளிக்கே திரும்பியது. நான் வெள்ளவத்தையில் சனம் கோல் எடுக்க வருகிற ஒரு கொம்யூனிகேஷன் கடைக்கு மாறினேன்.

சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தில், தெருக்களில் தடைகள் குறைந்திருந்தபோது, விசாரித்துக்கொண்டு அவளுடைய தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் ஆளில்லை, கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போகச் சொன்னார்கள். பெண்கள் வரிசையில் சாக்கோடு அவளும் நின்றாள். பழைய வில்லுத் தராசு, முள் கணக்கப்பிள்ளையின் பக்கம். அவள் முறை வந்தது. அவர் ஒரு எண்ணைச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். அப்போதுதான் என்னைக் கண்டாள்.

"அக்கா, நீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். லயத்துக்கு நடக்கும்போது கேட்டாள். "மொதலாளி மாத்தயா அத மறுபடி செஞ்சாரா?"

"இல்லை. ஓடர் நின்றுபோச்சு."

"செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

நான் கொழும்புக்குத் திரும்ப வரச் சொன்னேன். "வெள்ளவத்தையில போன் திருத்திற கடை எத்தனையோ வந்திட்டுது. உம்முடைய கைக்கு உடன வேலை கிடைக்கும்."

"உள்ளுக்க என்னைய பெருசா ஒண்ணும் செய்யலக்கா. ஆனா வந்ததுலருந்து பஸ்ஸுல ஏற முடியல. ஹட்டனுக்குப் போறதுன்னாலும் நடந்துதான் போறேன்."

அம்மா தேத்தண்ணி தந்தார். இரவு நின்றுவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்பா தனியே இருக்கிறார் என்று சொல்லிக் கடைசி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அடுத்த முறை வந்து நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். சண்டை திரும்பத் தொடங்கியது, அப்பா வருத்தம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார், அடுத்த முறை வரவேயில்லை.

அவள் கலியாணம் முடித்து, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள் என்று பிறகு அவளுடைய சித்தி சொன்னார். நல்ல வேலைதான். பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்திருக்கும். இருந்தாலும் அவளுக்கு இன்னும் என்னென்ன செய்யத் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறபோதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.